மேடையில் பேஸ் கிட்டார்: கம்பியிலிருந்து கடைசி வரிசை வரை

பெங்களூரில் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஒருவர் ஒரே வாரத்தில் அல்சூரில் திருவிழா மெல்லிசைக் கச்சேரியிலும், காக்ஸ் டவுன் பக்கம் தேவாலய ஆராதனையிலும், இந்திரா நகரில் ஒரு பப்பிலும் வாசிக்க நேர்வது அரிதன்று. கிட்டார் ஒன்றே, விரல்களும் அவையே. ஆனால் ஓரிடத்தில் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து குமுறலாகக் கேட்கும். இன்னோரிடத்தில் டிரம்ஸ் சத்தத்துக்கு அடியில் பேஸ் இருப்பதே தெரியாது. மூன்றாவது இடத்தில் எதுவும் செய்யாமலே தெளிவாக அமைந்துவிடும். கம்பிக்கும் கடைசி வரிசையில் நிற்பவரின் காதுக்கும் இடையே ஒலி கடந்து செல்லும் பாதையும், அந்தக் கூடத்தின் அமைப்புமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். மேடைக்குப் புதியவர்கள் பெரும்பாலும் காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடல்களில் எதை வாங்கலாம் என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். பாதையைப் புரிந்துகொண்ட பிறகே அந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் இந்தக் கருவி எழுப்பும் ஒலியைப் பார்ப்போம். நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பியான 'ஈ', விரல் வைக்காமல் மீட்டும்போது விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அதாவது 41 ஹெர்ட்ஸ். அடுத்த மூன்று கம்பிகள் முறையே 55, 73, 98 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கின்றன. ஐந்து கம்பிக் கருவியில் கூடுதலாக வரும் 'பி' கம்பி 31 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. 41 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் காற்றில் எட்டு மீட்டருக்கும் மேல். சிறிய பப் ஒன்றின் சுவருக்கும் சுவருக்கும் இடையே அவ்வளவு தூரம்தான் இருக்கும் என்பதால், அலைகள் சுவர்களில் பட்டுத் திரும்பி ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. மூலைகளில் குவிகின்றன, நடுவே சில இடங்களில் ஏறக்குறைய மறைந்தே போகின்றன. ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்பை மூலையோடு மூலையாகத் தள்ளி வைத்தால் குமுறல் கூடுவதும், இரண்டு அடி முன்னே இழுத்தால் ஓரளவு தெளிவதும் இதனால்தான். எந்த பெடலையும் தொடுவதற்கு முன் ஆம்பை நகர்த்திப் பார்ப்பது செலவில்லாத, பலன் தரும் முதல் சோதனை.

ஒரு சுரம் என்பது அதன் அடிப்படை அதிர்வு மட்டுமன்று. 41 ஹெர்ட்ஸ் கம்பியை மீட்டும்போது 82, 123, 165 என்று அதன் மடங்குகளும் உடன் ஒலிக்கின்றன. கைபேசியின் சிறிய ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆயினும் அதில் பாட்டுக் கேட்கும்போது பேஸ் எந்தச் சுரத்தில் நடக்கிறது என்பதை நம்மால் அறிய முடிகிறது. மடங்குகளைக் கேட்ட மூளை, இல்லாத அடிப்படையைத் தானே ஊகித்துக்கொள்வதே அதற்குக் காரணம். மேடை அமைப்பில் இதைவிடப் பயனுள்ள உண்மை வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கூட்டத்துக்கு நடுவே பேஸைத் தனித்துக் காட்டுவது ஆழமான அடியொலி அன்று. சுமார் 200 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதியே. வீட்டில் தனியாக வாசிக்கும்போது நடுப்பகுதியைக் குறைத்து, அடியையும் உச்சியையும் கூட்டினால் ஒலி மிக அழகாக இருக்கும். அதே அமைப்போடு மேடையேறினால் அடிப்பகுதியைக் கிக் டிரம் விழுங்கிவிடும், உச்சியைச் சிம்பலும் கிட்டாரும் மூடிவிடும்; பேஸுக்கென்று எஞ்சியிருக்க வேண்டிய நடுப்பகுதியை நாமே வெட்டி எறிந்திருப்போம்.

இதோடு சேர்த்து அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஒலி மெல்லியதாக இருக்கும்போது நம் காது தாழ்ந்த அதிர்வுகளைக் குறைவாகவே உணர்கிறது. ஒலி உரக்க ஆக ஆக அந்தக் குறை நீங்குகிறது. ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட ஆய்வு இதை வளைகோடுகளாக வரைந்து காட்டியது. அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவில்லாமல் மெதுவாக வாசித்தபடி, காதுக்கு நிறைவாக வரும்வரை பேஸ் குமிழைத் திருப்பி வைத்தவர், அதே குமிழ் நிலையோடு பெரிய ஒலிபெருக்கியில் வாசித்தால் கூடம் முழுவதும் குமுறும். ஆகவே வீட்டில் அமைத்த அமைப்பை இறுதியானதாகக் கொள்ளக் கூடாது. மேடையில் எல்லாக் குமிழ்களையும் நடுவில் நிறுத்தித் தொடங்கி, குமுறினால் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் பக்கம் சற்றுக் குறைத்து, தெளிவு போதாவிட்டால் 500 முதல் 800 ஹெர்ட்ஸ் பக்கம் சற்றுக் கூட்டிப் பார்ப்பது நல்ல வழக்கம்.

இனி பாதைக்கு வருவோம். கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பாகம் பிக்கப்; அது எழுப்பும் மின்னலை மிக மெலிந்தது. அது மட்டுமல்லாமல், பிக்கப்பின் உள்தடையும் பல ஆயிரம் ஓம் அளவுக்கு உயர்ந்தது. பெரிய மேல்நிலைத் தொட்டியிலிருந்து மிக ஒல்லியான குழாய் ஒன்றின் வழியே தண்ணீர் இறங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள்: கீழே ஒரு குழாயை லேசாகத் திறந்தால் அழுத்தம் குறையாமல் இருக்கும், அகலமாகத் திறந்துவிட்டால் அழுத்தமே இராது. கிட்டார் ஆம்பும் பெடலும் சுமார் பத்து லட்சம் ஓம் உள்ளீட்டுத் தடையோடு அமைந்திருப்பதால் பிக்கப்பிலிருந்து மிகக் குறைந்த மின்னோட்டத்தையே இழுக்கின்றன, ஒலி முழுமையாக வருகிறது. எல்லாருடைய ஒலியையும் கலந்து அரங்கத்துக்கு அனுப்பும் மிக்ஸரின் மைக் உள்ளீட்டுக்கு ஓரிரண்டு ஆயிரம் ஓம் மட்டுமே தடை. கிட்டாரை நேராக அதில் செருகினால் ஒலியின் அளவும் விழும், உச்சிப் பகுதியும் மங்கும். தேவாலயங்களிலும் சிறிய மண்டபங்களிலும் பேஸ் போர்வை போர்த்தியதைப் போல மந்தமாகக் கேட்பதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

இந்த இடைவெளியை நிரப்புவதுதான் டைரக்ட் இன்ஜெக்ஷன் எனப்படும் டி.ஐ. பாக்ஸ். ஒரு பக்கம் கிட்டாருக்கு ஏற்ற உயர்ந்த தடையைக் காட்டி, மறுபக்கம் மிக்ஸருக்கு ஏற்ற தாழ்ந்த தடையோடு அதே ஒலியை மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் அனுப்புகிறது. அந்தக் கேபிளில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில், ஒன்றுக்கொன்று தலைகீழாகச் செல்கிறது. வழியில் சேரும் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்கிறது. மிக்ஸர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துபோய், ஒலி மட்டும் எஞ்சுகிறது. எனவேதான் முப்பது, நாற்பது மீட்டர் தூரத்தையும் அது அச்சமின்றிக் கடக்கிறது. சாதாரண கிட்டார் கேபிளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதை ஐந்தாறு மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

டி.ஐ. பாக்ஸில் இரண்டு வகை உண்டு. பாஸிவ் வகைக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆக்டிவ் வகை பேட்டரியிலோ, மிக்ஸர் அனுப்பும் 48 வோல்ட் ஃபான்டம் பவரிலோ இயங்கும். உங்கள் கிட்டாருக்குள்ளேயே 9 வோல்ட் பேட்டரி இருந்தால், அதாவது அது ஆக்டிவ் பேஸ் என்றால், பாஸிவ் டி.ஐ. நன்றாகவே ஒத்துப்போகும். பேட்டரி இல்லாத பாஸிவ் பேஸுக்கு ஆக்டிவ் டி.ஐ.யே ஏற்றது. முதல் பெடலுக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் இதில் போடுங்கள் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

பல ஆம்புகளின் பின்புறத்திலும் டி.ஐ. வெளியீடு இருக்கும், அதனருகே ப்ரீ, போஸ்ட் என்று ஒரு சுவிட்சும் இருக்கும். ப்ரீ நிலையில், ஆம்பின் குமிழ்கள் தொடாத ஒலி மிக்ஸருக்குப் போகும். போஸ்ட் நிலையில், நீங்கள் ஆம்பில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அரங்கம் முழுவதும் கேட்கும். பாட்டின் நடுவே உங்கள் காதுக்காகப் பேஸ் குமிழைக் கூட்டினால், கூட்டத்துக்கும் அது கூடிவிடும். மிக்ஸரில் இருப்பவரிடம், "அண்ணா, லைன் ப்ரீ-ல தரட்டுமா, போஸ்ட்-ல தரட்டுமா?" என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுவது அவருக்குப் பெரிய உதவி. அவர் ஒலியளவை ஒருமுறை அமைத்த பிறகு கிட்டாரின் வால்யூமையும் பெடலின் லெவலையும் மாற்றாமல் இருப்பது அதைவிடப் பெரிய உதவி.

அப்படியானால் மேடையில் ஆம்ப் எதற்கு என்ற கேள்வி எழலாம். மிக்ஸர் வழியாக அரங்கத்துக்கு ஒலி போகும் இடங்களில், ஆம்ப் உங்களுக்கும் டிரம்ஸ் வாசிப்பவருக்கும் கேட்பதற்காகவே இருக்கிறது. பேஸ் அலை உருவாவதற்குப் பல அடி தூரம் வேண்டும், அதனால்தான் ஆம்புக்கு அருகில் நிற்பவருக்குக் கேட்பதில்லை என்று சொல்வோர் உண்டு. அது சரியன்று, அப்படி இருந்தால் காதுக்குள் வைக்கும் ஹெட்ஃபோனில் பேஸே கேட்கக் கூடாது. தரையில் இருக்கும் ஸ்பீக்கர் உங்கள் முழங்காலை நோக்கியிருப்பதும், நடுப்பகுதியும் உச்சிப்பகுதியும் நேர்கோட்டில் செல்பவை என்பதும், நீங்கள் நிற்கும் இடத்தில் அலைகள் மெலிந்திருக்கலாம் என்பதுமே உண்மையான காரணங்கள். ஸ்பீக்கர் பெட்டியான கேபினெட்டை ஒரு நாற்காலிமேல் ஏற்றியோ, பின்பக்கம் சாய்த்து வைத்தோ ஸ்பீக்கரை முகத்தை நோக்கித் திருப்பினால், வால்யூமைத் தொடாமலே உங்கள் வாசிப்பு உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும்.

வாட் கணக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 100 வாட்டை 200 ஆக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் தேவை. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. 300 வாட் வால்வ் ஆம்ப்; ஸ்பீக்கர் சேர்க்காமலே ஏறத்தாழ 40 கிலோ எடை. இன்றைய கிளாஸ்-டி ஆம்புகள் அதற்கு மேற்பட்ட வாட்டை இரண்டு, மூன்று கிலோவில் தருகின்றன. 8 ஓம் கேபினெட்டுகள் இரண்டை இணையாகச் சேர்த்தால் மொத்தம் 4 ஓம் ஆகும்; ஆம்பின் பின்னால் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓம் அளவுக்குக் கீழே போகக் கூடாது. ஆம்பையும் கேபினெட்டையும் இணைக்க ஸ்பீக்கர் கேபிளையே பயன்படுத்த வேண்டும், கிட்டார் கேபிளை அல்ல.

இப்போது பெடல்கள். முதலில் வாங்க வேண்டியது டியூனர். சுருதி சேர்ப்பதோடு, அதை மிதித்தவுடன் ஒலி முழுவதும் நின்றுவிடும் என்பதால், கிட்டார் மாற்றும்போதும் கேபிளைக் கழற்றும்போதும் அரங்கத்தை உலுக்கும் 'டப்' சத்தத்தை அது தடுக்கிறது.

அடுத்தது கம்ப்ரஸர். பேஸ் வாசிப்பவருக்கு மிக நெருக்கமான இந்தக் கருவியைத்தான் புதியவர்கள் மிகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும் ஒலியை மட்டும் அது குறைக்கிறது. அந்த அளவுக்குத் திரெஷோல்ட் என்றும், குறைக்கும் விகிதத்துக்கு ரேஷியோ என்றும் பெயர். ரேஷியோ 4:1 என்றால், திரெஷோல்டை 8 டெசிபெல் தாண்டிய ஒலி 2 டெசிபெல் மட்டுமே தாண்டியதாக வெளியே வரும். அட்டாக் என்பது எவ்வளவு விரைவில் குறைக்கத் தொடங்குகிறது என்பது; ரிலீஸ் என்பது எவ்வளவு நேரத்தில் கையை எடுக்கிறது என்பது. அட்டாக்கை மிக வேகமாக வைத்தால் விரல் கம்பியில் படும் அந்த முதல் நொடியின் கூர்மை நசுங்கிவிடும். 20, 30 மில்லி விநாடி கொடுத்தால் கூர்மை முழுதாகத் தப்பி, பின்தொடரும் நாதம் மட்டும் சீராகும். சிறிய விளக்கு உள்ள பெடலை எடுத்து, வழக்கமான பலத்தில் வாசிக்கும்போது விளக்கு மினுங்கி அணைவதாகவும், அழுத்தி வாசிக்கும் சுரத்தில் மட்டும் நன்றாக எரிவதாகவும் திரெஷோல்டை அமையுங்கள். விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், உங்கள் விரல்களின் ஏற்ற இறக்கம் மொத்தமும் அழிந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஓவர்டிரைவ் ஒலியைச் சிதைத்து மேல் மடங்குகளைக் கூட்டுகிறது. முன்னே சொன்னபடி அந்த மடங்குகளே பேஸை அடையாளம் காட்டுபவை என்பதால், ஆவேசமான பாட்டுக்கு மட்டுமல்ல, மென்மையான பாட்டிலும் மிகச் சிறிதளவு ஓவர்டிரைவ் பேஸை முன்னே கொண்டுவரும். ஆனால் கிட்டாருக்கென்று செய்த பெடல்கள் அடிப்பகுதியை வடிகட்டிவிடுவது வழக்கம். மிதித்தவுடன் இசைக்குழுவின் அடித்தளமே காணாமற்போகும். சிதைந்த ஒலியோடு தூய ஒலியையும் கலந்து தரும் பிளெண்ட் குமிழ் உள்ளதா என்று பார்த்து வாங்குவது அவசியம்.

ஆக்டேவ் பெடல் வாசிக்கும் சுரத்துக்கு ஓர் ஆக்டேவ் கீழே, அதாவது பாதி அதிர்வில், இன்னொரு சுரத்தைச் சேர்க்கிறது. 41 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது 20 ஹெர்ட்ஸாகிவிடும். அதை எழுப்பும் ஸ்பீக்கர் எந்தப் பப்பிலும் இராது, ஆம்பின் சக்திதான் வீணாகும். ஆகவே மேல் கம்பிகளில், ஒரு நேரத்தில் ஒரே சுரமாக வாசிக்கும்போதே அது பயன் தரும். 1980-களில் ஃபிரெட் எனப்படும் கழுத்தின் குறுக்கு உலோகக் கோடுகள் இல்லாத பேஸோடு ஆக்டேவ் பெடலைச் சேர்த்து பேஸ் கலைஞர் பீனோ பல்லடினோ உருவாக்கிய ஒலி, மேல் சுரங்களில் இதை எவ்வளவு இனிமையாகக் கையாளலாம் என்பதற்குச் சான்று. விரலின் அழுத்தத்துக்கேற்ப வாய் திறந்து மூடுவதுபோல் ஒலிக்கும் என்வலப் ஃபில்டருக்கு 1972-இல் வந்த மியூ-டிரான் 3 முன்னோடி. பேஸ் கலைஞர் பூட்ஸி காலின்ஸ் வழியாக அது ஃபங்க் இசையின் அடையாளமாகவே ஆனது. பலர் சேர்ந்து வாசிப்பதுபோல் ஒலியைத் தடிப்பாக்கும் கோரஸை மிகக் குறைவாகவும், எக்கோ வகைகளைத் தனி வாசிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்வதும் என் பரிந்துரை. எதிரொலிக்கும் கூடங்களில் அவை குமுறலையே கூட்டும்.

வரிசையைப் பொறுத்தவரை டியூனர், ஆக்டேவ், என்வலப் ஃபில்டர், கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், கோரஸ் என்று வைத்துத் தொடங்கலாம். கம்ப்ரஸரைத் தொடக்கத்திலேயே வைப்பவர்களும் உண்டு. ஆனால் என்வலப் ஃபில்டர் விரலின் ஏற்ற இறக்கத்தை வைத்தே இயங்குகிறது. கம்ப்ரஸர் அதற்கு முன்னால் இருந்தால் ஏற்ற இறக்கம் சமமாகி, ஃபில்டர் பாதி உயிரோடுதான் இயங்கும். ஃபில்டர் இல்லாதவர் கம்ப்ரஸரை டியூனரை அடுத்து வைப்பதில் தடையேதும் இல்லை.

கடைசி இடம் ப்ரீஆம்ப் டி.ஐ.க்கு உரியது. டெக் 21 நிறுவனம் 1992-இல் வெளியிட்ட சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டி.ஐ. இவ்வகையில் பெயர் பெற்றது: ஆம்பின் ஒலிக்குணம், சமன்படுத்தும் குமிழ்கள், எக்ஸ்.எல்.ஆர். வெளியீடு மூன்றையும் ஒரு கையளவுப் பெட்டிக்குள் அடக்கியது. இன்று பல நிறுவனங்கள் இதேபோன்ற பெட்டிகளைச் செய்கின்றன. பெங்களூர் வாசகருக்கு இதன் பயன் தனியானது. முதுகில் கிட்டார் பையோடும் கையில் ஒரு சிறு பெட்டியோடும் மெட்ரோவில் ஏறி அல்சூரிலோ இந்திரா நகரிலோ இறங்கி, அங்கே எந்த ஆம்ப் இருந்தாலும், ஆம்பே இல்லாவிட்டாலும், உங்கள் ஒலியை நேராக மிக்ஸருக்கு அனுப்பிவிடலாம். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்வதால், தாமதமாகத் தொடங்கும் நிகழ்ச்சிகளில் முதலில் வெட்டுப்படுவது ஒலிச் சோதனை நேரமே. இரண்டே நிமிடத்தில் தயாராகிவிடும் அமைப்பு அப்போது கைகொடுக்கும்.

பெடல்களுக்கு மின்சாரம் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் நேர்மின்சாரத்தில், முனையின் நடுப்பகுதி நெகட்டிவாக இருக்கும்படி இயங்குபவை. வீட்டிலிருக்கும் இன்டர்நெட் ரூட்டரின் அடாப்டர் முனை பெடலில் பொருந்தினாலும், வழக்கமாக அது 12 வோல்ட், நடுப்பகுதி பாஸிட்டிவ். செருகினால் பெடல் கெட்டுவிடலாம். மில்லி ஆம்பியர் கணக்கையும் கூட்டிப் பாருங்கள்: எளிய அனலாக் பெடலுக்கு 10, 20 போதும், டிஜிட்டல் பெடல் ஒன்றே 200, 300 கேட்கக்கூடும். எல்லாவற்றையும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்துக் கொடுத்தால் டிஜிட்டல் பெடலின் கீச்சொலி ஓவர்டிரைவுக்குள் புகுந்துவிடும். ஒவ்வொரு வெளியீடும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை விலை கூடுதல்தான். ஆனாலும் மூன்றாவது பெடலுக்கு முன் அதை வாங்குவதே முறை.

இரைச்சல்களில் முக்கியமானது 'ஹம்' என்ற ரீங்காரம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தடித்த 'ஈ' கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில் வரும் 'ஜி' சுரம் 49 ஹெர்ட்ஸ். அந்தச் சுரத்தை நீட்டிப் பிடிக்கும்போது ரீங்காரமும் இருந்தால், இரண்டும் மோதி விநாடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். கிட்டாரில் ஏதோ கோளாறு என்று எண்ணவைக்கும். ரீங்காரத்தின் ஊற்றைக் கண்டுபிடிக்க, வாசிக்காமல் கிட்டாரோடு மெதுவாக உடலைத் திருப்பிப் பாருங்கள். திரும்பும்போது ரீங்காரம் கூடிக் குறைந்தால், பிக்கப் காற்றிலிருந்து அதை வாங்குகிறது. ஜாஸ் பேஸ் வகையில் இரண்டு பிக்கப்புகளின் வால்யூமையும் முழுதாக வைத்தால் அவை ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்; ஒன்றைக் குறைத்தால் ரீங்காரம் திரும்பும். உடலைத் திருப்பியும் மாறாவிட்டால், ஆம்பும் மிக்ஸரும் வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகி வளையம் உண்டாகியிருக்க வாய்ப்புண்டு. டி.ஐ. பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் பெரும்பாலும் அது அடங்கிவிடும்.

ரீங்காரத்தைப் போக்க மூன்று முனை பிளக்கின் எர்த் முனையைக் கழற்றுவதோ, இரண்டு முனை மாற்றியில் செருகுவதோ ஒருபோதும் கூடாது. எர்த் இல்லாத ஆம்பில் கோளாறு ஏற்பட்டால் 230 வோல்ட் உங்கள் கம்பிகளுக்கு வரலாம். கை கம்பியிலும் உதடு மைக்கிலும் பட்டால் உயிருக்கே ஆபத்து. ஜெனரேட்டரில் ஓடும் தெருமேடைகளில் எர்த் சரியாக இருக்குமென்று நம்பிவிடக் கூடாது. வாசிக்கத் தொடங்கும் முன் ஆம்பின் உலோகப் பகுதியையும் மைக்கின் வலையையும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால், அல்லது மைக்கருகே சென்றபோது சுருக்கென்று உணர்ந்தால், மின்பணியாளர் சரிசெய்யும் வரை வாசிக்க மறுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேபிள், கனெக்டர்களுக்குப் பெங்களூரின் மின்னணுப் பொருள் சந்தையான எஸ்.பி. ரோடு போதுமானது. உலோக உறையுள்ள ஜாக்கும் நல்ல ஷீல்டு கேபிளும் தனித்தனியே வாங்கி ஈயப்பற்று வைத்துக்கொண்டால், பழுதானாலும் நாமே திறந்து சரிசெய்யலாம். திறக்க முடியாத வார்ப்பு ஜாக் உள்ளவற்றைத் தவிர்த்துவிடுங்கள். சோதிக்க, ஆம்பில் செருகி வால்யூமை மெதுவாக வைத்து, இரண்டு முனைகளிலும் ஜாக்கை ஒட்டிய இடத்தில் கேபிளை வளைத்து அசைத்துப் பாருங்கள். கரகரப்பு கேட்டால் அந்த முனையை வெட்டி மறுபடி பற்றவைக்க வேண்டும். கச்சேரிக்குப் போகும் பையில் இப்படிச் சோதித்த கேபிள் ஒன்று கூடுதலாகவும், ஆக்டிவ் பேஸ் என்றால் புதிய 9 வோல்ட் பேட்டரி ஒன்றும், ஒரு டெஸ்டரும் இருக்கட்டும்.